மீன் கடை ஐஸ்

அம்பத்தூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, ரத்த மாதிரி இருந்த பையைச் சீட்டிலேயே மறந்துவிட்டேன். அது என் ஆராய்ச்சிக்காகச் சரோஜா அக்கா கொடுத்த ரத்தம். மறுநாள் காலை அவருடைய புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்குகிறது. அதற்கு முன் அவருடைய நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதே என் ஆராய்ச்சி. மருந்து ஏறிவிட்டால் அந்த 'முன்' திரும்பக் கிடைக்காது.

பையிலிருந்த எண்ணைப் பார்த்து அழைத்துவிட்டு, ஆட்டோக்காரர் ஆய்வகத்துக்கே வந்தார். கையில் தெர்மாகோல் பெட்டி.

"ரத்தம் கெட்டுடக் கூடாதுல்ல மேடம்? மீன் கடையில ஐஸ் வாங்கி, அதுக்குள்ள வச்சிகினு வந்தேன்."

அந்தச் செல்களுக்குக் குளிர் ஆகாது. "யாரு உங்கள ஐஸ்ல வைக்கச் சொன்னது? இனி அந்தம்மாகிட்ட மறுபடி ரத்தம் எடுக்கணும்!" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் முகம் சுருங்கியது. "தெரியல மேடம். அந்தம்மா ஊடு எங்க கீது? நானே கேட்டு இட்டுனு வரேன்."

முகப்பேரில் அக்கா வீட்டுக்குப் போனோம். நடந்ததை ஆட்டோக்காரரே சொன்னார். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அக்கா, முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்ப்பா, என் ரத்தத்துல மீன் கொழம்பு வைக்கவா பாத்த?"

ஆஸ்பத்திரியில் அக்கா மறுபடி கை நீட்டியபோது என் பையைப் பார்த்தேன். ஒரு குறியீடு, ஒரு தொலைபேசி எண். கண்டெடுப்பவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. தொலைத்தவள் நான், திட்டு வாங்கியவர் அவர்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பையிலும் 'ஐஸில் வைக்க வேண்டாம்' என்று தமிழில் பெரிதாக எழுதுகிறேன். அதன் கீழே, அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதையும்: 'ரொம்ப நன்றி அண்ணா.'