முனியம்மாவிடம் கேட்டபோது

முப்பது ஆண்டுகளாக மலேசியாவின் அசாம் ஜாவா வட்டாரத் தோட்டங்களில் தொண்டு செய்தவன் என்ற பெருமை எனக்குண்டு. அந்தப் பெருமையால் நேரவிருந்த பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீரிழிவினால் ஒரு காலை இழந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியே வாழ்ந்த முனியம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க, நானே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு சென்றேன். என் நண்பரின் மகள், இங்கிலாந்தில் சமூகப் பணியாளராக இருக்கும் ரெபேக்காவும் விடுமுறையில் உடன் வந்திருந்தாள்.

“அங்கிள், அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“நல்லதுதானேம்மா செய்றேன்? கேக்க என்ன இருக்கு?”

“அங்க நான் இப்படிச் செஞ்சா லைசென்சே போயிடும்.”

அந்நாட்டில் இஃது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். இங்கே என்னிடம் எவரும் உரிமம் கேட்டதில்லை. நானும் எவரிடமும் சம்மதம் கேட்டதில்லை. வெட்கத்துடன் முனியம்மாவிடம் கேட்டேன்.

“இப்பவாச்சும் கேட்டீங்களே லா, அண்ணே! ஹோமெல்லாம் வேணாம். இந்த வாசப்படியில வீல்சேர் எறங்கல. சிமெண்டுல சரிவா போட்டுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்.”

அடுத்த ஞாயிறே தோட்டத்து ஆட்களோடு கூடிச் சரிவு அமைத்தோம். சிமெண்டு காய்ந்ததும், எவர் கையையும் பிடிக்காமல் முனியம்மா இறங்கி, மாரியம்மன் கோயில் வரை தாமே சக்கரத்தை உருட்டிச் சென்றார். லயமே கைதட்டியது.

எத்தனையோ மேடைகளில் எனக்கு மாலை விழுந்திருக்கிறது. அன்று என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று போல் நான் என்றும் மகிழ்ந்ததில்லை.