பாவாடை கட்டிய ஹால்வோர்

ஹால்வோர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வடகோடிக் கடலில் இருக்கும் வேகா தீவுகளில், தன் வீட்டு வாசலில் நின்று "காப்பி ரெடியா?" என்பார், அடுத்த தீவில் நண்பன் ஸ்டைனார் அடுப்பில் தண்ணீர் வைப்பான். மீன்படகின் இரைச்சலோடு போட்டிபோட்டு வளர்ந்த குரல் அது.

அதனால் வசந்தம்தோறும் அவரை ஸ்டைனார் வீட்டுக்கு நாடுகடத்துவாள் மனைவி போர்ஹில்ட். காட்டு வாத்துகள் கடலிலிருந்து ஏறி, அவை கூட்டில் விட்டுப்போகும் மென்தூவிக்காகத் தீவுக்காரர்கள் கல்லாலும் பலகையாலும் கட்டிவைத்த குட்டி வீடுகளில் அடைகாக்கும் காலம் அது. நாய் கூடாது, சுத்தியல் கூடாது, அந்நியர் கூடாது, ஹால்வோரும் கூடாது. உலகப் பாரம்பரியப் பலகையை நட வந்த அதிகாரிகளையே, "குஞ்சு பொரிச்சுக் கடலுக்குப் போகட்டும், அப்புறம் வாங்க" என்று படகோடு திருப்பி அனுப்பியவள்.

இந்த வசந்தத்தில் அவள் பாசியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். வாத்துகள் முட்டையிட்டாகிவிட்டது. காவலுக்கு ஆள் இல்லையென்றால் காக்கை தின்னும். புது ஆளைக் கண்டால் வாத்து ஓடும். ஓடிய வாத்து மறுவருடம் வராது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்டைனாரின் படகில் ஏற்றும்போது ஹால்வோரிடம் சொன்னாள்: "என் பழுப்புக் கோட்டு, பாவாடை, தலைத்துணி. அதுகளுக்குத் தெரிஞ்சது அந்த உடுப்புதான். மாட்டிக்கோ. வாயத் திறக்காத."

"பாவாடையா?"

கடல்காகங்கள் கலைந்து பறந்தன.

"திறக்காதன்னேன்ல."

அவர் உயரத்துக்குப் பாவாடை முழங்காலோடு நின்றுவிட்டது. சமையலறைப் படிக்கடியில் இருந்த கிழ வாத்து அவர் பூட்ஸைப் பார்த்தது, கோட்டைப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது. தும்மல் வந்தால் ஹால்வோர் தலைத்துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ரொட்டி கொண்டுவந்த ஸ்டைனார் படகுத்துறையில் கிசுகிசுத்தான்: "என்ன போர்ஹில்டம்மா, தாடி நல்லா வளருதே?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஹால்வோர் ஒரு வசவை விழுங்கினார். அது மீன்முள்போல இறங்கியது.

போர்ஹில்ட் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "எல்லாம் உக்காந்திருக்கா?"

"உக்காந்திருக்கு."

"யாரு பேசறது? ஹால்வோர்கிட்ட குடுங்க."

"நான்தாண்டி."



குஞ்சுகள் பொரிக்கும் முன்பே அவள் ஸ்டைனாரின் படகில் திரும்பி வந்தாள், ஊன்றுகோலும் மகள் வாங்கித் தந்த சிவப்பு ஜாக்கெட்டுமாக. துறையை ஒட்டிய குட்டி வீட்டில் ஒரு வாத்து முட்டைகளைவிட்டு எழுந்து நின்றது. ஹால்வோர் பாவாடையோடு விரைந்துபோய் உதட்டில் விரல் வைத்தார்.

"அங்கயே நில்லு."

"இது என் வீடுய்யா!"

இன்னொன்றும் எழுந்தது.

"கத்தாத," என்றார் ஹால்வோர்.

"அந்தக் கோட்டக் கழட்டிக் குடு. நான் போட்டுக்கிறேன்."

"சரி. அந்தக் கட்டை பாறைல டொக்கு டொக்குங்குமே, அதுக்கு என்ன போடுவ?"

போர்ஹில்ட் ஊன்றுகோலைப் பார்த்தாள். நின்றிருந்த வாத்துகளைப் பார்த்தாள். படகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குஞ்சு பொரிச்சுக் கடலுக்குப் போகட்டும்," என்றார் ஹால்வோர், முடிந்தவரை கனிவாக. "அப்புறம் வா."

சிரித்தால் படகே குலுங்கும் என்று ஸ்டைனார் உதட்டைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டான். சிவப்பு ஒரு புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு, வாத்துகள் மெல்ல முட்டைகளின்மேல் அமர்ந்தன. ஹால்வோர் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறினார்.