கதவில்லாத சூளை

உள்ளறையிலிருந்து இரும்புக் கதவு நொறுங்கும் சத்தம் வந்தது. பொத்தான் அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"கதவ உடைச்சிட்டான். கிழங்கு வெந்திருக்கும்" என்றாள், எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம்.

டிவியில் படத்தையும் அடுப்பில் பாத்திரத்தையும் ஒன்றாகவே ஏற்றுவாள். கதாநாயகன் ஜீப்பால் மோதிக் கதவை உடைத்தால் கிழங்கை இறக்க வேண்டும். கதாநாயகி அவன் மார்பில் சாய்ந்து அழுவதற்குள் தோலை உரித்துவிடுவாள்.

அந்தக் கதாநாயகி இவள்தான்; இவள் கதையைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். செங்கல் சூளையில் அடிமையாகக் கிடந்து, கணவனை அங்கேயே பறிகொடுத்து, மீண்டு வந்தவள். இன்று தையல் கம்பெனிச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துத் தனியாகப் பிழைக்கிறாள். "ஜீப்காரர் சௌக்கியமா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். "அவருக்கென்ன, தினம் வந்து கதவ உடைச்சிட்டுப் போறாரு" என்பாள்.

நிஜத்தில் அந்தச் சூளைக்குக் கதவே கிடையாது. மதிலும் கிடையாது. வெட்டவெளி. சந்தைக்குப் போகிறவர், தன் வீட்டாள் ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுப் போக வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் இருந்தவர் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

"எங்களுக்கு ஆளுதாங்க பூட்டு."

கணவன் போன பிறகு பூட்டாக இருந்தவள் அவன் தங்கை. ஒரு சந்தை நாளில் அவளே சொன்னாள்: "போ அண்ணி. தனியா வராத, அதிகாரிங்கள கூட்டிட்டு வா." அக்கா அழைத்து வருவதற்குள் அந்தப் பெண்ணின் இடது கையை முறித்திருந்தார்கள்.

படத்தில் அவள் இல்லவே இல்லை.

"வெட்டவெளியக் காட்டினா, ஏன் ஓடலேன்னு ஜனங்க கேப்பாங்களாம். டைரக்டர் கதவு வச்சிட்டாரு. கதவு வந்தப்புறம் அவ எதுக்கு?"

படம் வந்த நாளிலிருந்து நாத்தனார் இந்த வாசலை மிதிக்கவில்லை. அக்கா நூல் வாங்கக் கடைக்குப் போனால் டிவியை ஓடவிட்டுத்தான் போகிறாள். "வீட்ல ஒரு ஆள் இருக்கணும்ல" என்று சிரிக்கிறாள். கண் சிரிப்பதில்லை.

நான் விடைபெற எழுந்தபோது வாசலில் ஒரு குடை மடங்கியது. மடக்கியது வலது கை. இடது கை கோணலாகத் தொங்கியது.

"வா, உள்ள வா" என்றாள் அக்கா.

"படத்துலயே இல்லாதவளுக்கு வீட்டுக்குள்ள என்ன வேல, அண்ணி?"

"நான் சொன்னேன்டி. உன்னப் பத்தித்தான் மொதல்ல சொன்னேன். அவங்க எடுக்கல."

"இரும்புக் கதவுக்குக் குடுத்த எடத்த எனக்குக் குடுக்கலியே."

உள்ளே கதாநாயகி விம்மிக்கொண்டிருந்தாள். அக்கா போய் டிவியை அணைத்துவிட்டு, உரித்த கிழங்கில் உப்புத் தூவி நீட்டினாள். நாத்தனார் நின்றபடியே பாதியைத் தின்றாள். "உப்பு அதிகம்" என்றாள். படி இறங்கினாள்.

"ஏய், குடைய விட்டுட்டுப் போற! மழ தூறுது!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பதிலா அது இருக்கட்டும் அண்ணி."

தெருமுனை வரை நனைந்துகொண்டே போனவளைப் பார்த்துவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள். ஈரக் குடையைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சட்டையும் ஊசியுமாகத் தரையில் அமர்ந்தாள்.