ஒன்பது நாளுக்கு ஒரு சீசன் பாஸ்

அக்டோபர் மூன்றாம் வாரம் முழுக்க சுசீலாவின் கணினித் திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. ஒன்றில், ஷார்ஜாவில் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த கிடங்கின் வரைபடப் பட்டியல். இன்னொன்றில், ஜார்ஜியா நாட்டு மலை ஒன்றின் நேரலைக் கேமரா. காய்ந்த புல்வெளி, லிஃப்ட் தூண், தூணுக்கடியில் படுத்திருக்கும் ஒரு பசு. பனிச் சறுக்கு மலை என்று சத்தியம் செய்து சொன்னால்தான் நம்ப முடியும்.

"பசு இன்னும் எந்திரிக்கல," என்பார், பக்கத்து மேஜையில் இருக்கும் என்னிடம்.

அந்த மலையின் சீசன் பாஸ் அக்டோபர் 31 வரை குறைந்த விலையில் கிடைக்கும். எடுத்துவிட்டால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை எத்தனை நாள் வேண்டுமானாலும் லிஃப்டில் ஏறலாம், சறுக்கலாம். பனி விழாவிட்டாலும் பணம் திரும்ப வராது. ஒன்பது நாளாவது சறுக்கினால்தான் பாஸ் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். போன வருஷம் டிசம்பரில் பனியே விழவில்லை. ஜனவரியில் விழுந்ததும் மழையில் கரைந்து போனது.

சுசீலாவுக்கு நாற்பத்தேழு வயது. தென்காசிக்காரர். எங்கள் அலுவலகத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர், அதாவது ஒவ்வொரு வரைபடத்துக்கும் எண் கொடுத்து, பழையது எது, திருத்தியது எது என்று பிரித்து வைப்பவர். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கணவர் முத்துராமன் ஏ.சி. டக்ட் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் சம்யுக்தா கோயம்புத்தூரில் படிக்கிறாள். இப்படிப்பட்டவர் இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துப் பூட்டிக்கொண்டு மலைச் சரிவில் இறங்குவார் என்று சொன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் துபாய் மால் ஒன்றின் உள்ளே இருந்த பனிக்கூடத்தில் மகளுக்காகப் பத்து வகுப்புகளுக்குப் பணம் கட்டினார். மூன்றாவது வகுப்போடு, "குளிருதும்மா, போர் அடிக்குது," என்று சொல்லிவிட்டு சம்யுக்தா நின்றுகொண்டாள். மிச்சம் ஏழு வகுப்புகள். கட்டிய பணத்தை விட மனசில்லாமல், பயிற்சியாளரிடம் பேரை மாற்றச் சொல்லி, இவரே பலகையில் ஏறிவிட்டார். முதல் வாரமே விழுந்து, அலுவலகத்தில் இரண்டு வாரம் தலையணை போட்டு உட்கார்ந்தார். கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கியது என்றார். ஏழாவது வகுப்பு முடிந்ததும் மேலும் பத்து வகுப்புகளுக்குக் கட்டினார். இந்த முறை ரசீது அவர் பெயரில்.

பிறகுதான் எங்கள் அலுவலகத்து ரிஷி ஈத் விடுமுறைக்கு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியா போனபோது இவரும் ஒட்டிக்கொண்டார். மூன்றரை மணி நேர விமானம். உண்மையான மலை, உண்மையான பனி. திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "சத்தமே இல்லப்பா அங்க," என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கே லீவு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். "லீவுக்கு எப்போ?" என்று கேட்பார்கள், எங்கே என்று கேட்க மாட்டார்கள். முப்பது நாளில் பாதியை மே மாதம் மகளுக்காக எடுத்து வைப்பார் சுசீலா. மீதிப் பாதி கல்யாணம், காதுகுத்து, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பட்டா மாற்ற ஒரு கையெழுத்து என்று தானாகவே கரையும். ஊரில் போய் இறங்கினால் விடியற்காலை ஐந்துக்கே ஆள் வரத் தொடங்கிவிடும். சாக்லேட் பங்கு வைக்கும்போதே திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். ஷார்ஜாவுக்கு வந்து இறங்கி, மேஜையில் உட்கார்ந்து, "அப்பாடா, டூட்டிக்கு வந்துட்டேன்," என்பார்.

இந்த வருஷம் அந்தப் பதினைந்தில் ஒன்பது நாளைத் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

சிக்கல் பஞ்சாங்கத்தில் இருந்தது. மார்கழியில் ஊரில் விசேஷம் கிடையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மார்கழியில் அந்த மலையில் பனியை நம்ப முடியாது. தையும் மாசியும்தான் நல்ல பனிக்காலம். கல்யாணக் காலமும் அதுதான். போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு துண்டுத்தாளில் வட்டம் போட்டார். தையில் ஐந்து நாள், மாசியில் நாலு நாள். சறுக்கு மலைக்கு நாள் பார்க்க முகூர்த்தப் பட்டியலைத் திறந்த ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ரிஷி சென்னைப் பையன், முப்பது வயது, எல்லாவற்றுக்கும் எக்ஸெல் போடுகிறவன். "மேம், பனி இப்படி ஏமாத்துறப்போ சீசன் பாஸ் எடுக்கிறது வேஸ்ட். டே டிக்கெட் எடுங்க. பனி வந்தா போலாம், வரலன்னா கலாஸ், விட்டுடலாம்," என்றான்.

வீட்டில் முத்துராமனும் அதையேதான் சொன்னாராம். "நீ போ. நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா இப்பவே எதுக்குக் கட்டணும்?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். மூன்று நாள் கழித்து, வரைபடத்துக்கு எண் போட்டுக்கொண்டே சுசீலா என்னிடம் சொன்னார்: "வந்தா போலாம்னு வச்சிருக்கிற நாளு நம்ம வீட்ல நிக்காதுப்பா. ஒரு போன் வந்தாப் போதும், போயிரும்."

போன் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், முத்துராமன் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. தென்காசியிலிருந்து முத்துராமனின் தங்கை அருணா. அருணாவின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது.

"மதினி, சோசியர் ரெண்டு நாள் குறிச்சுக் குடுத்திருக்காரு. தை பன்னெண்டு, மாசி பத்து. தை பன்னெண்டுன்னா குடியரசு தினம், எல்லாருக்கும் லீவு. அதையே முடிச்சிருவோமா? நீங்க வராம நான் எதுவும் செய்ய மாட்டேன், பாத்துக்கிடுங்க."

தை பன்னிரண்டு துண்டுத்தாளின் முதல் வட்டத்துக்குள் விழுந்தது. பொது முகூர்த்தப் பட்டியலைப் பார்த்து வட்டம் போட்டவர், ஜாதகம் பார்த்துத் தனியாக நாள் குறிக்கும் சோசியரை நினைக்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் பத்தொன்பது வருஷமாக அவர் சொல்லி வந்தது, "சரி அருணா." அன்றைக்கு வாய் வேறு மாதிரிச் சொல்லிவிட்டது.

"தைக்கு நான் பணம் கட்டிட்டேனே அருணா."

"எதுக்கு மதினி?"

"ஜார்ஜியாவுக்கு. பனியில சறுக்குறதுக்கு."

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது.

"கட்டியாச்சா? திருப்பிக் குடுக்க மாட்டானா?"

"மாட்டான்."

"அப்பம் என்ன செய்ய," என்றார் அருணா. குரலில் கோபம் இல்லை. "கட்டுன பணத்த விட்டுட்டு வாங்கன்னா சொல்ல முடியும்? மாசி பத்துக்கே வச்சுக்கிடுவோம். மாப்பிள்ள வீட்ல நான் சொல்லிக்கிடுதேன்."

போனை வைத்ததும் முத்துராமன் எட்டிப் பார்த்தார். "எப்பக் கட்டுன?"

"இனிமேத்தான்."

எனக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், ஆசைதானே, அடுத்த வருஷம் போகலாமே என்றிருப்பார்கள். கட்டிய பணத்துக்கு மட்டும் நம் குடும்பங்களில் மறுபேச்சு கிடையாது. பொய் சொல்லியாகிவிட்டது, அதைப் பொய்யாக விடக் கூடாது என்று பத்து நிமிஷத்துக்குள் பாஸ் வாங்க உட்கார்ந்தார் சுசீலா. பாஸ்வேர்டு எண் முத்துராமனின் போனுக்குப் போனது. "ஆறு நம்பர் வந்திருக்கு, வாசிக்கவா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிதானமாக வாசித்தார்.

மாசி பத்து இரண்டாவது வட்டத்துக்குள் விழுகிறது என்பது பணம் கட்டும்போதே சுசீலாவுக்குத் தெரியும். இன்னொரு தடவை தேதியை மாற்றச் சொல்ல முடியாது. ஒன்பதில் நாலு போய்விட்டது. விஷயம் கேட்டு ரிஷி தலையில் கை வைத்துக்கொண்டான். "மேம், அஞ்சு நாளைக்கு யாராவது சீசன் பாஸ் எடுப்பாங்களா?"

"நான் எடுத்துட்டேன்பா," என்றார் சோர்வாக.

லீவு படிவத்தைப் பார்ப்பவர் எங்கள் ஹெச்.ஆர். செய்கு முகம்மது. காயல்பட்டினத்துக்காரர். சுசீலா படிவம் கொடுத்த மறுநாளே டிக்கெட்டோடு வந்து நின்றார். "அக்கா, ஷார்ஜா டு திருவனந்தபுரம். ஜன்னல் சீட் போட்டிருக்கேன்."

"நான் ஜார்ஜியான்னு எழுதியிருந்தேனே?"

"கையெழுத்துல ஏதோ கிறுக்கியிருக்கீங்கன்னு நினைச்சேன். லீவுன்னா ஊருதானேக்கா?" திரும்பப் போய்ப் படிவத்தை எடுத்து வந்தார். அதில் எங்கே போகிறீர்கள் என்றே ஒரு கட்டம் இல்லை. தாய்நாடு என்று மட்டும் அச்சடித்திருந்தது. "காரணத்துல என்ன போட? கல்யாணம், மருத்துவம், மரணம், மூணுதான் இருக்கு."

"மரணம்னு போடாதீங்க, மலைக்குப் போறேன்."

"பொழச்சு வாங்க, மத்ததப் பெறவு பாக்கலாம்," என்று சிரித்துக்கொண்டே ஓரத்தில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

தை பிறந்தது. கேமராவில் பசுவைக் காணோம், ஆனால் புல் அப்படியே இருந்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் கொஞ்சம் வெள்ளையாகி, போய் இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் அடிவாரத்து லிஃப்ட் ஒன்றை மட்டும் திறந்தார்கள். ஒரு தெருவின் நீளம்கூட இருக்காத சரிவு. அதில் பதினோரு தடவை இறங்கினார் சுசீலா. பன்னிரண்டாவது தடவை பலகையின் அடியில் கல் கிழித்தது. மத்தியானம் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ரிஷியும் மற்றவர்களும் மிச்ச நாளுக்கு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இவர் வரவில்லை என்று சொல்லி அறையிலேயே இருந்தார்.

திரும்பி வந்தவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இங்கே எல்லோரும் எதையோ நம்பி முன்கூட்டிக் கட்டியவர்கள்தானே.

மாசி பத்துக்குத் தென்காசி போனார். கல்யாண மண்டபத்தில் வைத்துப் போனில் கேமராவைப் பார்த்தால் மலையில் மூன்று நாளாக விடாமல் பனி கொட்டுகிறது. லிஃப்ட் தூண் பாதிக்கு மேல் புதைந்திருக்கிறது. முத்துராமனிடம் காட்டினாராம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் விழுது," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பந்தியில் யாரோ ஓர் அத்தை கேட்டார்: "தையில வைக்கிறதா இருந்துச்சே, ஏன் மாத்துனாக?" அருணாதான் பதில் சொன்னார்: "எங்க மதினி வெளிநாட்டுல பனிக்குப் பணம் கட்டியிருந்தாக." அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை.

தாலி கட்டி, பந்தி ஓய்ந்து, மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லும் நேரம். அருணா பட்டுப் புடவையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிச் சரிந்திருந்தார். நாலைந்து நாளாகச் சரியாகக் கண் மூடாத முகம். சுசீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மதினி, ஒங்களுக்காகத் தேதியையே மாத்துனேன். ஒரு போட்டோ கூட அனுப்பல. நல்லா சறுக்குனீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை என்றார் என்னிடம்.

"பனியே இல்ல அருணா. மழை. அரை நாளுதான் சறுக்குனேன்."

"மிச்ச நாளு?"

"தூங்குனேன்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தாராம். கல்யாணத் தேதியை மாற்றி, மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வாங்கி, அத்தனையும் இவர் தூங்குவதற்கா?

அருணா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "பகல்லயுமா?"

"பகல்லயும்தான்."

"யாரும் எழுப்பலையா?"

"அங்க யாரு இருக்கா எழுப்ப?"

மண்டபத்து ஆள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தான். அருணா தன் நாற்காலியை இழுத்துச் சுசீலாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"காலைல எத்தன மணி வரைக்கும் மதினி?"

"ஒரு நாளு பதினோரு மணி."

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் அருணா.