தண்ணி விழட்டும்

"தண்ணி விழுதா?" நேற்றுச் சென்னையிலிருந்து தோழி தொலைபேசியில் கேட்டாள். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துப் பக்கம் இருப்பவர்களை நலம் விசாரிக்கும் முறை அது. "விழுகிறது" என்றேன். சொன்ன மாத்திரத்தில் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

அறுபதுகளில் தென்காசி அச்சகமொன்றில் பிழை திருத்தினேன். தமிழ் இலக்கியம் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் ஒற்று மிகாததற்காக நான் பட்ட துயரத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சென்னையில் அச்சுத்தொழில் பயிற்சி ஒன்று அறிவித்திருந்தார்கள். மதுரை, கோயம்புத்தூர் அச்சகங்களையும் சுற்றிக் காட்டுவார்களாம். முதலாளி செலவு ஏற்றால் போகலாம். பாளையங்கோட்டைக்கு அப்பால் நான் எதையும் பார்த்ததில்லை.

"நான் படிச்சிட்டு வந்தா புத்தக வேலையும் நமக்கு வரும், அண்ணாச்சி" என்றேன். எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த வாக்கியம்.

முதலாளி மேற்கே மலையைப் பார்த்தார். "வாஸ்தவந்தான் தாயீ. தண்ணி விழட்டும்."

அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் விடுதிகளும் கடைகளும் எங்களிடம் அச்சு வேலை தரும். 'விழட்டும்' வியங்கோள். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று இலக்கணம் அதற்குச் சொன்ன பொருள்களோடு 'இசைவு' என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த மாரியப்பன் சிரித்தார். "பண்டிதரம்மா, எனக்குப் பொண்ணு தாறதுக்கு எங்க மாமாவும் இதத்தான் சொன்னாவ. அவ இப்ப கடையநல்லூர்ல மூணு பிள்ளைக்குத் தாயி."

மேலகரத்து வீட்டிலிருந்து அச்சகத்துக்கு நடந்து வருகையில் தினமும் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். வெயில்தான் தெரியும். பயிற்சி தொடங்கச் சில நாள்களே இருக்கையில், ஒரு நண்பகலில் சாரல் இறங்கியது. கையிலிருந்த அச்சுப்படி நமுத்துத் தொய்ந்தது. "ஏலே, தண்ணி விழுதுலே!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

மாலையில் முதலாளிமுன் போய் நின்றேன். "அண்ணாச்சி, தண்ணி விழுந்துட்டு."

"ஆமா தாயீ! பாத்தியா, எம்புட்டு வேல வந்து கெடக்கு! இப்பப் போயி உன்ன எப்படி அனுப்ப? சீசன் முடியட்டும்."

அவர் முகத்தில் கள்ளமில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு விடுதி ரசீதுகளில் பிழை தேடினேன்.

அந்த ஞாயிறு அம்மாவோடு அருவியில் நின்றேன். நீர் அறைந்து அறைந்து தோள் மரத்துப்போயிற்று. ஈரம் உலர்ந்தது; மரப்பு அப்படியே இருந்தது.

அச்சகம் இருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். முதலாளி இல்லை, மாரியப்பன் இல்லை. போயே ஆகவேண்டும் என்ற அந்தத் தவிப்பு எந்த ஆண்டில் போனதென்று தெரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், நீ எப்போ மெட்ராஸ் வர்றே?" என்றாள் தோழி.

"சீசன் முடியட்டும்" என்றேன்.