‘க்கு’ என்று சொல்ல ஒரு ‘ஸ்’

லண்டனில் ஜார்ஜிய மொழி படிப்பிக்கிறவளிடம் எல்லோரும் முதலில் கேட்பது, ஜார்ஜியா அமெரிக்காவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். கருங்கடல் ஓரத்தில் அது தனி நாடு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மிச்சப் பேரிடம் நான் நான்காம் வேற்றுமையைப் பற்றிப் பேசுவேன். மொழியைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். யாழ்ப்பாணத்திலிருந்து மருத்துவம் படிக்கத் திபிலிசிக்குப் போனவள் நான். மருத்துவம் ஒட்டவில்லை, மொழி ஒட்டிக்கொண்டது. இப்போது மாலையில் வகுப்பு, பகலில் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பு.

கோயில் வரிசை

விம்பிள்டன் கோயிலில் அன்னதானத்துக்கு நின்றபோது, பின்னால் நின்ற அண்ணை ஒருவர் என் வேலையை விசாரித்தார். சொன்னேன்.

“அது ஆருக்குத் தேவை, தங்கச்சி?”

“ஆருக்கு எண்டு கேட்டியள் பாருங்கோ, அந்த ‘க்கு’தான் அங்கை ‘ஸ்’. பிள்ளைக்குப் பசிக்குது எண்டு நாங்கள் சொல்லுறதை அவையள் ‘பாவ்ஷ்வ்ஸ் ஷியா’ எண்டுவினம். பாவ்ஷ்வி எண்டால் பிள்ளை. கடைசியிலை ‘ஸ்’ வந்தால் பிள்ளைக்கு. இங்கிலீசுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தக் கனநாள் எடுக்கும். எங்கடை ஆக்கள் உடனை பிடிச்சிடுவினம்.”

அண்ணை பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “ஓம், விளங்குது. இப்ப எனக்கும் அந்த ‘ஸ்’தான். கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ.”

நீனோவின் அப்பா

கார்த்திக் மதுரைக்காரர். வெம்பிளியில் இருந்துகொண்டு ஐ.டி. வேலை செய்கிறார். கூட வேலை பார்க்கும் நீனோ என்ற ஜார்ஜியப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை. நீனோவின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “பையன் என்னிடம் என் மொழியில் பேசட்டும்.” அதற்காகத்தான் கார்த்திக் என் வகுப்புக்கு வந்தார். “நாலாம் வேற்றுமைதானே மேடம், நான் பாத்துக்கறேன்” என்றார்.

‘நீனோ மிக்வர்ஸ்’ என்றால் எனக்கு நீனோவைப் பிடித்திருக்கிறது. யாருக்குப் பிடித்திருக்கிறதோ அவர் பெயரில்தான் ‘ஸ்’ ஏறும், யாரைப் பிடித்திருக்கிறதோ அவர் பெயர் சும்மா நிற்கும். வீடியோவில் அப்பாவின் மீசையைக் கண்டதும் கார்த்திக்குக்கு எல்லாம் தலைகீழானது. ‘நீனோஸ் உக்வர்ஸ்’ என்றார். அதாவது, நீனோவுக்கு யாரையோ பிடித்திருக்கிறது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “யாரை?” என்று கேட்டார். கார்த்திக் அவசரமாக நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில், “என்னை” என்றார். இன்று அவர் கார்த்திக்கின் மாமனார். அன்றைக்கு அவர் சொன்ன பதிலைக் கார்த்திக் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவார்: “அதை அவள் சொல்லட்டும். நீ உன்னுடையதைச் சொல்.”

யார் யாருக்குச் சொன்னது

மனானா என்ற முதிய பெண்மணி நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பென்சிலின் ஏற்ற எல்லாம் தயார். அது அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று பழைய டாக்டரே மகனிடம் சொல்லியிருப்பதாக, முன்னர் தொலைபேசி வழியே மொழிபெயர்த்தவர் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் மனானாவிடம் மறுபடி கேட்டேன். ‘எகிம்ஸ் ஷ்வில்மா உத்ஹ்ரா’ என்றார்.

எகிமி என்றால் டாக்டர், ஷ்விலி என்றால் பிள்ளை, உத்ஹ்ரா என்றால் சொன்னது. எது முன்னால் வருகிறது என்பது அந்த மொழியில் கணக்கே இல்லை. ‘ஸ்’ டாக்டரில் இருக்கிறது. ஆக, ஒத்துக்கொள்ளும் என்று டாக்டருக்கு மகன்தான் சொல்லியிருக்கிறான். மருந்தை நிறுத்தச் சொன்னேன். வார்டு டாக்டர் மகனைக் கூப்பிட்டார். அவன் தன் சித்தியைக் கேட்டான். இளவயதில் பென்சிலின் ஊசி போட்டு அக்காவுக்கு முகம் வீங்கி மூச்சே அடைத்துவிட்டது என்று சித்தி சொன்னார். மருந்தை மாற்றினார்கள். மனானா எழுந்து உட்கார்ந்து சூப் குடிக்கிற அளவுக்குத் தேறிய பிறகு, அன்றைக்கு என்ன குழப்பம் என்று விசாரித்தார். விளக்கினேன். கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “என் மகன் டாக்டர் இல்லை. கார் விற்கிறான்.”

லாராவின் மரம்

லாரா லண்டனில் பிறந்தவர். அப்பா ஜார்ஜியர், அதிகம் பேசாதவர். அவர் இறந்த பிறகுதான் லாரா வகுப்பில் சேர்ந்தார். முதல் தடவையாக அப்பாவின் ஊருக்குப் போனவர் அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். முற்றத்தில் ஒரு வால்நட் மரம். அதைக் காட்டி அத்தை ‘மாமாஷென்ஸ் தாஉர்காவ்ஸ்’ என்றாராம். அங்கே மாமா என்றால் அப்பா; உன் அப்பா நட்டது என்கிறார். “நட்டவர் அப்பா. அவருக்கு எதற்கு ‘ஸ்’?” என்று லாரா கேட்டார்.

கண்ணால் பார்க்காத காரியத்தை அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவர் நட்டதை அத்தை பார்க்கவில்லை. நட்டிருக்கிறார் போல என்கிறார். லாரா சொன்னார்:

“யாருக்கும் சொல்லாமல் செய்திருக்கிறார் என்றால், அது என் அப்பாதான்.”

ஜார்ஜிய மொழியில் இன்னும் ஆறு வேற்றுமைகள் மிச்சம் இருப்பதால், இந்த ஒன்றையே முடிக்காத எனக்கு இப்போதைக்கு வேலை போகாது.