எலிசாள் திறந்த வாசல்

பாறசாலைக்காரி எலிசாள், மலையாளம் பேசும் தம்பானூரில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் படம் எடுப்பவள். அந்த மெஷின் அவள் சொன்னபடி கேட்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் என்றால்தான் அவளுக்கு உள்ளூரப் பயம்.

ஒருநாள் காலையில், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த பேச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் புருஷன் நயினார், எலிசாள் தமிழ் பேசியதும் உடைந்துவிட்டான்.

"தலையில அடிம்மா. பேசவே மாட்டேங்கா."

எலிசாள் படம் எடுத்தாள். அது மாடியறைக் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து கொச்சியில் இருக்கும் டாக்டருக்குச் சேர வேண்டும். மாடிக்கே போகவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பியும் பலனில்லை. முந்தின நாள்தான் அந்தக் கம்ப்யூட்டரில் புது ஃபயர்வால் போட்டிருந்தார்கள். மாடிக்கு ஓடியவள், அந்த ஃபயர்வாலை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனம் ஒப்பாமல், அதைப் போட்டுவிட்டுப் போன ஜிபினைப் போனில் கூப்பிட்டாள்.

"அணைச்சிராதீங்கக்கா" என்றான் அவன். "கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்குல வாசல் உண்டு, போர்ட்டுன்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. எது வழியா யார் வரலாம்னு பாக்கிற காவல்தான் ஃபயர்வால். காவலை எடுத்தா கண்டவனும் நுழைவான், கேட்டியளா. உங்க படம் வர்ற வாசல் நூத்திநாலு. அதையும் சேத்து அடைச்சது என் தப்பு."

"இப்ப என்ன செய்யணும், தம்பி?"

"அது ஒண்ண மட்டும் திறப்போம். அதுவும் ஸ்கேன் மெஷினுக்கு மட்டும்."

அவன் பதறாமல் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். படம் திரையில் வந்து விழுந்தது. சற்று நேரத்தில் கொச்சி டாக்டர் கூப்பிட்டார்: மூளைக்கு வெளியே ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் வேண்டும்.

பேச்சி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் யாரோ கொண்டுவந்த பென் டிரைவ் வழியாக வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அது மாடிக் கம்ப்யூட்டரின் வாசல்களையும் வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறது, ஒன்றும் திறக்கவில்லை. நோயாளிகளின் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. முந்தின மாதம் அவசரத்தில் காவலை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எலிசாள் நினைத்துப் பார்த்தாள்.

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் அவள் ஜிபின் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினாள்.

"அது யாரும்மா?" என்று மகள் சபீனா கேட்டாள்.

"கம்ப்யூட்டர் கேடானா நன்னாக்குத பையன்" என்றாள் எலிசாள். "நான் வெப்ராளப்பட்டு, என்ன செய்யணும்னு தெரியாம நின்னப்ப பொறுமையாப் பேசினான், மோளே."